நண்டு போன கரை

மேட்டுக்காடு,
நாமகிரிப்பேட்டை வழி.
4-3-1984

தங்கச்சி வசந்தாமணிக்கு,

இங்கே மீனைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

நேற்று குட்டையில் வலை போட்டோம். போன ஆவணியில் நீயே கூட நின்று எண்ணி எண்ணி விட்டாயே கட்லா குஞ்சு, அது ஏழு மாதத்தில் அரைக் கிலோவைத் தாண்டும் என்று நோட்டில் எழுதியும் கொடுத்தாய். தராசில் வைத்துப் பார்த்தேன். இருப்பதிலேயே பெரியது நூற்று நாற்பது கிராம். மற்றதெல்லாம் என் உள்ளங்கையில் சௌகரியமாகப் படுத்துக்கொள்கிறது. வலை இழுக்க வந்த காத்தான், "ஏனுங்க, இதெல்லாம் குஞ்சுங்களா, வளந்ததுங்களா?" என்று கேட்டான். அவன் கேலி செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாணி கரைத்து ஊற்றினேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் நீ சொன்ன அளவுக்கு ஒரு கைப்பிடி கூடவே போட்டேன். என் மேல் குற்றமில்லை. உனக்குத் தெரிந்த அந்தக் குஞ்சுக்காரன் கழித்துப் போட்டதை உன் தலையில் கட்டிவிட்டான், நீ அதை என் தலையில் கட்டிவிட்டாய். "பொம்பளைப் புள்ளைக்கு மீனப்பத்திப் படிப்பு எதுக்கு?" என்று அப்பா குதித்தபோது உன்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பியவன் நான். அந்தப் படிப்பு என் குட்டையில் வந்து இப்படி நிற்கிறது.

சௌந்திரத்தைப் போன வாரம் கட்டுச்சோறு விருந்து முடித்துப் பிரசவத்துக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஏழாம் மாதம். இரண்டு தடவை கரு தங்காமல் போனதால், என்னைக் கட்டிய உன் நங்கையாள் இந்தத் தடவை மகளைத் துரும்பு எடுக்க விடுவதில்லை. விற்க லாயக்கில்லாத மீனை முள்ளோடு முழுசாகப் போட்டு மூன்று வேளையும் குழம்பு வைக்கிறாள். மீன் வளராவிட்டால் போகட்டும், பேரப்பிள்ளையாவது வளரட்டும்.

தங்கசாமி

கோயமுத்தூர்
10-3-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டியது போதுமென்றால் கொஞ்சம் கணக்கையும் கேளுங்கள்.

அதே நாளில் அதே தொட்டியிலிருந்து இரண்டாயிரம் குஞ்சு ஓமலூர் அர்த்தநாரிக்கும் போயிற்று. முந்தாநாள் நானே போய் அவர் குளத்தில் வலை போட்டுப் பார்த்தேன். அவருடைய கட்லா அறுநூறு கிராம். உங்களைவிடக் குறைவாகத்தான் தீனி போட்டிருக்கிறார். ஆகையால் குஞ்சு குள்ளக் குஞ்சு இல்லை. உங்கள் குட்டைக்கு வந்த பிறகுதான் ஏதோ அதன் வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது.

ஆறு மீனைப் பிடித்து ஐஸில் வைத்து, நம் ஊர் டிரைவர் வெள்ளியங்கிரியின் லாரியில் அனுப்புங்கள். நான் கல்லூரியில் படித்ததைக் குறை சொல்லிவிட்டு, இப்போது நான் வேலை பார்க்கும் அதே கல்லூரியின் தராசைத்தான் நம்பவேண்டியிருக்கிறது பாருங்கள். மீனின் வால் எப்படி இருக்கிறது, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அவசரம்.

சௌந்திரத்துக்கு என் அன்பு. அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

வசந்தாமணி

மேட்டுக்காடு
17-3-1984

தங்கச்சிக்கு,

ஆறு கேட்டாய், பத்து அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட பிறகுதான் உற்றுப் பார்த்தேன். பாதி மீனுக்கு வால் மைக்கூட்டில் முக்கி எடுத்ததுபோல் கறுத்திருக்கிறது. மூன்று நான்குக்கு முதுகு அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. நீந்தும்போது ஒரு பக்கமாகவே சுற்றுகிறது. ஏழு மாதமாகத் தினம் தீனி போட்டவன், இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

யார் செய்த வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலண்டைச் சின்னுசாமியின் சேகோ மில். ஜவ்வரிசிக்குக் குச்சிக்கிழங்கு அலசிய தண்ணீரை ஓடையில் விடுகிறான், அந்த ஓடைதான் நம் குட்டைக்கு வருகிறது. நாற்றம் நம் களம் வரைக்கும் அடிக்கிறது. அவன் வாய்க்காலை உடைத்து மூடப்போகிறேன். பத்துப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ ஒன்று செய். சேகோ தண்ணீரால்தான் மீன் இப்படி ஆயிற்று என்று கல்லூரித் தாளில் முத்திரை போட்டு எழுதி அனுப்பு. நாளைக்குப் பேச்சு வந்தால் காட்டவேண்டும்.

தங்கசாமி

கோயமுத்தூர்
26-3-1984

அண்ணனுக்கு,

அந்தக் கடுதாசியை நான் எழுத மாட்டேன். அது பொய்.

சேகோ தண்ணீர் குட்டையின் மூச்சை எடுக்கும். மீன் விடிகாலையில் மேலே வந்து வாயைப் பிளக்கும், பிறகு கூட்டமாகச் செத்து மிதக்கும். வாலைக் கறுக்க வைக்காது. முதுகை வளைக்காது. உங்கள் மீன் சாகவில்லை, வளராமல் உயிரோடு இருக்கிறது. அது வேறு வியாதி.

மீன்களை அறுத்துப் பார்த்தேன். எலும்பையும் ஈரலையும் செவுளையும் தோழி ஒருத்தி வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதித்தேன். ஈயம், அண்ணா. அர்த்தநாரியின் மீனில் இருப்பதைப்போலப் பல மடங்கு. செவுளிலும் எலும்பிலும்தான் அதிகம். தின்ற தீனியை உடம்பில் சேரவிடாமல் அது கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் போட்ட புண்ணாக்கெல்லாம் அதில்தான் வீணாயிற்று.

வாய்க்காலில் கை வைக்காதீர்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயிலிலும், மற்ற மூன்று கரையோரத்திலும் ஒவ்வொரு பிடி சேறு எடுத்துத் தனித்தனிப் பையில் கட்டுங்கள். எந்தப் பை எந்தக் கரை என்று எழுதி அனுப்புங்கள்.

முக்கியமான விஷயம். சௌந்திரத்துக்கு இனி ஒரு மீன்கூடக் கொடுக்கக் கூடாது. அது எலும்பில் தங்கும் என்றேன், நங்கையாள் முள்ளோடு முழுசாகக் கொதிக்க வைக்கிறார்கள். தாய் தின்பது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். காரணம் சொல்ல முடியாவிட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

வசந்தாமணி

மேட்டுக்காடு
31-3-1984

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வாய்க்காலை மூடிவிட்டோம். மில் நின்றுபோய் நாலு நாளாகிறது. கிழங்கு தோல் சீவும் பெண்கள் வேலையில்லாமல் மில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சின்னுசாமி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக வந்தான். "தங்கசாமி, அந்த ஓடையிலதான் என்ற எருமையும் குடிக்குது. அதுக்கு வாலு கறுக்கலீங்களே" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

சேறு நாலு பை அனுப்பியிருக்கிறேன். மீனை நிறுத்தச் சொன்னேன். "எந்த டாக்டரு? எப்பப் போனீங்க?" என்று உன் நங்கையாள் குறுக்கே நிற்கிறாள். மீன் நாறிவிட்டது என்று சொல்லிக் கொட்டிவிட்டேன். சௌந்திரம் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயும் வயிறுமாக இருப்பவள் ஆசைப்பட்டதைப் பிடுங்கியது எனக்கு என்னவோபோல் இருக்கிறது. உன் பேச்சு பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தங்கசாமி

கோயமுத்தூர்
9-4-1984

அண்ணனுக்கு,

சேற்றின் முடிவு வந்துவிட்டது. தண்ணீர் வரும் வாயிலில் ஈயம் அநேகமாக இல்லை. சின்னுசாமி மேல் ஒரு குற்றமும் இல்லை. கிழக்கிலும் வடக்கிலும் கொஞ்சம். தெற்குக் கரை என்று எழுதிய பையைப் பரிசோதித்த என் தோழி, "இது குட்டைச் சேறுதானா, பட்டறைச் சேறா?" என்று கேட்டாள்.

தெற்குக் கரையில் என்ன போட்டீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள். எனக்காக இல்லை, சௌந்திரத்துக்காக.

வசந்தாமணி

மேட்டுக்காடு
14-4-1984

தங்கச்சிக்கு,

வருஷப் பிறப்பும் அதுவுமாக இதை எழுதுகிறேன்.

நண்டு. குட்டை வெட்டிய வருஷத்திலிருந்தே தெற்குக் கரையில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. களிமண் அடைத்தேன், கல் வைத்து இடித்தேன், திரும்பத் திரும்ப வந்தது. ஆடியில் நாமக்கல்லுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தேன். லாரி பேட்டரி ரிப்பேர் பட்டறைதான் மாப்பிள்ளை தங்கமுத்துவுக்குத் தொழில் என்று உனக்குத் தெரியும். பழைய பேட்டரியை உடைத்து ஈயப் பிளேட்டை எடுத்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு தங்கும். அதைப் பின்கட்டில் கொட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு புல் இல்லை, ஒரு எறும்பு இல்லை. எறும்பே வராத மண்ணில் நண்டு எப்படி வரும் என்று எனக்குப் புத்தி போயிற்று. பன்னிரண்டு மூட்டை கட்டி வந்து வளைகளில் அடைத்துக் கரை முழுக்கப் பூசினேன்.

பத்து நாளில் ஒரு நண்டு இல்லை. ஊரில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். அதற்கடுத்த மாதம்தான் நீ வந்து குஞ்சு விட்டாய். கரை நன்றாக இறுகியிருக்கிறதே அண்ணா என்று நீயே சொன்னாய். நான் அப்போது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். படித்தவளையே அசத்திவிட்டோம் என்று பேசாமல் நின்றேன்.

வாய்க்காலை நானே வெட்டித் திறந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. மீன் எல்லாவற்றையும் பிடித்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். இது நம் இருவரோடு போகட்டும். மாப்பிள்ளை பட்டறைச் சேற்றால் என்று வெளியே தெரிந்தால், மகளைக் கட்டிக் கொடுத்த இடத்துக்கு நானே பழி சுமத்தியதாகிவிடும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் எழுதாதே.

தங்கசாமி

கோயமுத்தூர்
28-4-1984

அண்ணனுக்கு,

போன வாரம் நான் வந்துபோனதை நங்கையாள் சொல்லியிருப்பார்கள். மீன் புதைக்கக் குழி வெட்ட ஆள் கூப்பிட நீங்கள் போயிருந்தீர்கள். காத்திருக்கவில்லை. உங்களைப் பார்த்தால் கேட்க வந்ததை விட்டுவிடுவேன் என்று பயம்.

குட்டைத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடாதீர்கள். தானாக வற்றட்டும். முள் வெட்டிப் போட்டு மாடு கன்று இறங்காமல் பாருங்கள்.

சௌந்திரத்தைச் சத்துக் குறைவுக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கொஞ்சம் இரத்தம் எடுத்து வந்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் நீலக் கோடு ஓடுகிறது. ஒரு மாதம் மீன் தின்றதால் மட்டும் அந்தக் கோடு விழாது. இரத்தத்தின் முடிவும் அதைத்தான் சொல்கிறது.

அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். பின்கட்டில் தங்கமுத்து பிளேட்டை உருக்கி ஈயக் கட்டி வார்க்கிறாராம். அதற்கு மூன்றடி தள்ளித்தான் சமையல் சாய்ப்பு. அவர் சட்டையைத் தினம் இவள்தான் உதறித் துவைக்கிறாள். "பொகைதாங்க அத்தை, பழகிப் போச்சு" என்று சிரிக்கிறாள்.

மீன் ஒரு மாதம், அண்ணா. அந்த வீடு மூன்று வருஷம். இரண்டு கரு தங்காமல் போனதும் அந்த மூன்று வருஷத்தில்தான். அதற்கும் இதுவே காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஈயம் கருவைக் கலைக்கும் என்பது மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது. உருக்குவதை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லை குடியை மாற்ற வேண்டும். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வசந்தாமணி

மேட்டுக்காடு
3-5-1984

வசந்தாமணிக்கு,

என் மகளைச் சோதனை எலியாக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை வீட்டில் போய், உன் தொழில் விஷம், என் மகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்வதா? அடுத்த நிமிஷம் என்ன பேச்சு வரும் என்று உனக்குத் தெரியாது. இரண்டு தடவை கலைந்ததற்கே அவன் அம்மா என்ன பேசினாள் என்று உனக்குத் தெரியாது. சௌந்திரம் வாழாவெட்டி என்று பெயர் எடுத்து இங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருந்தால் இப்படி இரண்டு பக்கத்தில் எழுதி மடித்துப் போட்டிருக்க மாட்டாய்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

தங்கசாமி

கோயமுத்தூர்
9-5-1984

அண்ணனுக்கு,

எனக்குப் பிள்ளையில்லை என்று நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டுமா? அதை எழுதிய கை என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போன கை என்பதால்தான் அழுதேன். வேறு யார் எழுதியிருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு நான் எழுதவில்லை. விலாசம் என்னிடம் இருக்கிறது, உறையும் ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளையோடு அவளை அந்த வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்தீர்கள் என்று தெரிந்த அன்று அதைத் தபாலில் போடுவேன். அதன் பிறகு நீங்கள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

வளராமல் போன மீனுக்காக ஒரு மில்லையே நிறுத்தினீர்கள். இது உங்கள் மகள்.

வசந்தாமணி

மேட்டுக்காடு
24-5-1984, விடியற்காலை

வசந்தா,

இதை வெள்ளியங்கிரி கையில் கொடுத்தனுப்புகிறேன். டிரங்க் கால் போட்டேன், கல்லூரி விடுமுறை, எடுக்க ஆளில்லை. பதிலை அவன் கையிலேயே கொடு. தபாலில் போடாதே.

திங்கட்கிழமை சௌந்திரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோ. உயிரோடு இருக்கிறது. அழுகிறது, ஆனால் சத்தமே இல்லை.

நேற்று மாப்பிள்ளை பார்க்க வந்தார். "கையில குடுங்க மாமா" என்று இரண்டு கையையும் நீட்டினார். நான் குழந்தையை வைத்தேன். வலது மணிக்கட்டு அப்படியே தொங்கிவிட்டது. குழந்தை சரிந்தது, நான் பிடித்துவிட்டேன். ஒரு கணம் தப்பியிருந்தால் தரையில்தான் விழுந்திருக்கும். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாசமா கையில ஸ்பேனர் நிக்கறதில்லீங்க மாமா. யாரோ ஏதோ வெச்சுட்டாங்கன்னு மந்திரிச்சுக்கிட்டுத் திரியறேன். சௌந்திரத்துக்கிட்டக்கூடச் சொல்லலீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. நண்டிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டு மூட்டை, மீன், ஈறில் இருக்கும் கோடு, தங்காமல் போன இரண்டு, நீ எழுதியது, நான் அடுப்பில் போட்டது, எல்லாம். என் மகளையும் பிள்ளையையும் அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், நீங்களும் அங்கே இருக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தொங்குகிற கையை இன்னொரு கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உருக்கற அடுப்பை இன்னிக்கே அணைச்சர்றனுங்க" என்றார். இந்த மனிதரிடம் பேசப் பயந்துதான் நான் உனக்கு அப்படி எழுதினேன். மன்னித்துக்கொள் என்று எழுத எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மில்லுக்கும் போய்ச் சின்னுசாமியிடம், உன் மேல் குற்றமில்லை என்று ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது விஷயம் வேறு. நான் கூடத்தில் பேசியதெல்லாம் உள்ளே கட்டிலில் இருந்த சௌந்திரத்தின் காதில் விழுந்திருக்கிறது. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பிய்த்து எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். "என்ற பால்லயும் அது இருக்குதுங்களாப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து குழந்தையைத் தொடமாட்டேன் என்கிறாள். மாரில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துக் கொடுக்கிறோம். நர்சம்மாவைக் கேட்டால், "ஈயமா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

கொடுக்கலாமா, கூடாதா? சீக்கிரம் எழுது.

அண்ணன்

கோயமுத்தூர்
24-5-1984, பகல் பன்னிரண்டு மணி

அண்ணா,

வெள்ளியங்கிரி வாசலில் லாரியை அணைக்காமல் நிற்கிறார். சௌந்திரத்தின் இரத்த முடிவை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரம்மா வீட்டுக்கே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

பாலில் இருக்கும். ஆனால் இரத்தத்தில் இருப்பதில் சிறு பங்குதான் பாலில் இறங்குமாம். இந்த எடையில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தினால் அது இந்த வாரத்தையே தாண்டாது என்கிறார். கொடுக்கச் சொல் என்றார். நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்டேன். நிச்சயம் என்று அவர் சொல்லவில்லை, நானும் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் குழந்தையாக இருந்தால் கொடுப்பேன். அவள் இனி அந்தப் புகையில் நிற்காவிட்டால் நாளுக்கு நாள் குறையும்.

சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மாப்பிள்ளையை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், அவர் கைக்கும் வைத்தியம் இருக்கிறது. துணி எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நான் வருகிறேன், மீதியை வந்து சொல்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய்க் குழந்தையை எடுத்து அவளிடம் கொடுங்கள்.

வசந்தா